செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு கல்யாணம், இரண்டு தேதி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், குடும்ப வரலாறு தேடும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது, ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தேதி கிடைக்கும் சிக்கல்தான். அதைப் பற்றியே பேசுகிறேன்.

நாகர்கோவில் பக்கத்துப் பழைய தாள்களில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்குதான் இருக்கும். ஒரு உறுப்பினர் டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் கல்யாண அழைப்பிதழை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் ‘1110 ஆவணி’ தெளிவாகத் தெரிந்தது. அதை ஆங்கில ஆண்டாக்க வீட்டில் யாரோ 825 கூட்டி, வம்சாவளித் தாளில் 1935 என்று எழுதிவிட்டார்கள். அந்த உறுப்பினரின் தாயார் பிறந்ததோ 1935 ஜூலை. கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்ற எண்ணத்தை அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்.

கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட 99 வெள்ளத்தை நினைத்தால் கணக்கு பிடிபடும். வெள்ளம் வந்தது 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில். அடுத்த மாதம் ஆவணி பிறந்து 1100 ஆனபோதும் ஆங்கில ஆண்டு அதே 1924தான். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும். மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைப்பதால் அங்கே நாளையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அந்தக் கல்யாணம் 1934இல். தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினோம். 1934 ஆகஸ்டு ஞாயிறுகளில் ஓலை வாசித்த (நடக்கவிருக்கும் திருமணத்தைச் சபையில் அறிவித்த) குறிப்பும், செப்டம்பரில் திருமணமும் இருந்தன. தொண்ணூறை எட்டிய அந்த அம்மாவிடம் மகள் படித்துக் காட்டியபோது, அவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். இந்த ஆண்டில் நாம் செய்த வேலைகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

வருடப் பெயர் மட்டும் உள்ள குறிப்புகளிலும் இதே கவனம் வேண்டும். யுவ வருடம் 1935 சித்திரையில் பிறந்தது. ஆனால் யுவ வருடத் தை மாதம் 1936 ஜனவரியில் பிறந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், தாத்தா கல்யாணமா கொள்ளுத்தாத்தா கல்யாணமா என்றும் பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழில் திருமண நாள், பதிவு நாள் இரண்டும் தனித்தனியே இருக்கும். பலர் பதிவு நாளையே எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். தாளில் உள்ள தேதியை உள்ளபடியே படியெடுப்போம். மாற்றிய ஆங்கிலத் தேதியையும், மாற்றிய விதத்தையும் பக்கத்தில் தனியாக எழுதுவோம். மூலத்தின் மேல் யாரும் பேனா வைக்க வேண்டாம்.

அறிக்கையையும் தீர்மானத்தையும் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்