பச்சைப் புத்தகமும் மீன் எண்ணெய்ப் புட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனின் ரேஷன் முறை பற்றிய கட்டுரையில், கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் ஒரே வரியில் முடிந்துவிட்டார்கள். 'அரசு பாலும் பழச்சாறும் கொடுத்தது' என்பது உண்மைதான். கொடுத்தது எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரோ மருத்துவச்சியோ, வீடுகளுக்குப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கும் சுகாதாரப் பார்வையாளரோ கர்ப்பத்தை உறுதிசெய்து சான்று எழுதித் தருவார். அதை உள்ளூர் உணவு அலுவலகத்தில் காட்டினால் பச்சை ரேஷன் புத்தகம் கிடைக்கும். பெரியவர்களுக்கான வெளிர்பழுப்புப் புத்தகத்தோடு இதுவும் அவள் கையில் இருக்கும். கூடுதலாக அரைப் பங்கு இறைச்சி. கடைக்கு ஆரஞ்சு வந்தால் பச்சைப் புத்தகத்துக்கே முதலிடம். 1940 ஜூலையில் வந்த பால் திட்டப்படி நாளுக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், 2 பென்னி விலையில். ஏழைகளுக்கு இலவசம்.

பாலைப் பால்காரர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார், பெரும்பாலோர் வாங்கிக்கொண்டார்கள். வைட்டமின்களுக்காக அரசு கொடுத்த மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அப்படியல்ல. உணவு அலுவலகத்துக்கோ தாய்சேய் நல நிலையத்துக்கோ போய் வாங்கிவர வேண்டும். பல ஊர்களில் அந்த நிலையம் ஒரு சர்ச் கூடம். வாரத்தில் ஏதோ ஒரு பிற்பகல்தான் திறந்திருக்கும். ஆயுதத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் தாய் எப்படிப் போவாள்? சாறு ஒரு புட்டி 5 பென்னி, எண்ணெய் இலவசம். ஆனால் உரிமை உள்ளவர்களில் சாற்றை வாங்கியவர்களே பாதியை எட்டவில்லை. இலவச எண்ணெயை வாங்கியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர்தான்.

எண்ணெயின் சிக்கல் கரண்டியிலேயே தொடங்கும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி ஊட்ட வேண்டும். குழந்தை பாதியைத் துப்பும். சட்டையில் பட்ட கறையும் வாடையும் லேசில் போகாது. 1942 பிப்ரவரி முதல் சோப்புக்கும் ரேஷன் என்பதை நினைத்தால், தாய்மார் ஏன் புட்டியை அலமாரியிலேயே விட்டார்கள் என்பது விளங்கும். சாற்றில் வேறொரு தவறு நடக்கும். அது அடர்த்தியானது, தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் வைட்டமின் சி குறைந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த நீரே சரி.

இன்னொரு திருத்தம். சிசு மரணம் 'போர் முழுவதும் குறைந்துகொண்டே வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1939இல் ஆயிரம் பிறப்புக்கு 51ஆக இருந்தது 1941இல் 60ஆக ஏறியது; அதன் பிறகே இறங்கி 1945இல் 46 ஆனது. இதற்கு உணவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தாய்மார் மரணம் குறைந்ததிலோ, பிரசவ ஜன்னியை, அதாவது பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலை, அடக்கிய சல்பா என்ற கிருமி எதிர்ப்பு மருந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளுக்கு உள்ளூர் நிர்வாகம் மாதச் சம்பளம் கொடுக்க வழிசெய்தது 1936ஆம் ஆண்டுச் சட்டம். கட்டுரையின் அடுத்த பகுதியில் அவர்களுக்கும் இடம் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி