பாப்பாவுக்கு, காகிதத்தில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, சாரல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் எழுதினால் நீ வைத்திருக்கிறபடி ஒரு வாரத்தில் தானாக அழிந்துபோய்விடுகிறதே, அதனால்தான்.

நீ வாட்ஸ்அப்பை விட்டு சிக்னல் ஆப்புக்கு மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. "இனிமேல் இதில் எழுதுங்கள்" என்று ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் பதிலே போடாமல் நிறுத்திவிட்டாய், ஏன் என்று சொல்லவில்லை, அதுதான். ஷார்ஜாவில் வாட்ஸ்அப் கால் போகாது, அதனால் உன் அண்ணன் காசு கட்டி போட்டிம் என்கிற ஆப்பில் கூப்பிடுகிறான். அவனுக்குக் காரணம் அந்த ஊர்ச் சட்டம். எதிர்வீட்டுத் தம்பி மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனியில்தானே இருக்கிறான், 2025 செப்டம்பர் கடைசியில் எங்கே பார்த்தாலும் அவர்களுடைய அரட்டை ஆப் என்று பேச்சாக இருந்தபோது தெருவில் பாதிப் பேருக்கு அவனே ஏற்றிக் கொடுத்தான். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் செய்தது என்று நானும் சேர்ந்தேன். பேசுகிறதுக்கு நடுவில் யாரும் கேட்க முடியாத முழுப் பூட்டு இருக்கிறது, எழுதுகிற செய்திக்கு இன்னும் வரவில்லை என்று அப்போது அவனே ஒளிக்காமல் சொன்னான். ஆளாளுக்கு ஒரு காரணம். உன் காரணம் என்னவாக இருக்கும் என்று அவனை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

2016-லிருந்து வாட்ஸ்அப் போடுகிற பூட்டே சிக்னல்காரர்கள் செய்த பூட்டுதானாம். நடுவழியில் கம்பெனியாலும் பிரித்துப் படிக்க முடியாது. வித்தியாசம் கவரில்தான் இருக்கிறது. யார் யாருக்கு எழுதினார்கள், எந்த நேரத்தில், எத்தனை தடவை என்பதெல்லாம் வாட்ஸ்அப்பை வைத்திருக்கிற மெட்டாவுக்குத் தெரியவரும். சிக்னலிடம் கோர்ட்டே கேட்டாலும் கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக உள்ளே வந்த நாள், இது இரண்டுதான் கொடுப்பதற்கு இருக்குமாம்.

கவர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் மா. 34 வருஷம் அதைத்தான் சுமந்தேன். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. ஆனாலும் எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது, எந்த வீட்டுக்கு மணியார்டர் நின்றுபோனது, எந்தப் பெண்ணுக்குப் புருஷனிடமிருந்து லெட்டர் வருவது குறைந்துகொண்டே போகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கவர்கூட அடுத்தவர் கையில் வேண்டாம் என்று நீ நினைத்திருந்தால் அது சரி. நம் வீட்டில் அதை முதலில் யோசித்தவள் நீதான், எனக்குப் பெருமையாக இருக்கிறது. சிக்னலிலும் போன் நம்பரைக் கொடுத்துத்தானே சேர வேண்டியிருக்கிறது, அதனால் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தால் யார் கேட்டாலும் சொல்லாதே. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லாதே.

வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரத்தையும் மறைத்துவிட்டாய். முன்பெல்லாம் விடிகாலை எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அங்கே ஒரு மணி வரைக்கும் முழித்திருக்கிறாளே என்று அம்மாவிடம் சொல்வேன். அது வேவு பார்ப்பது இல்லை பாப்பா. நீ பத்தாவது படிக்கும்போது உன் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பேனே, அது மாதிரி. அதையும் அணைத்துவிட்டாயே என்று இருக்கிறது. சரி, உன் இஷ்டம்.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னான். வாட்ஸ்அப் தினமும் ராத்திரி கூகுளில் ஒரு நகல் எடுத்து வைக்கிறதே, அதற்குத் தனியாகப் பூட்டுப் போடும் வசதி 2021-லேயே வந்துவிட்டதாம், ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு. நான் போடவே இல்லை. உன் செய்திகள் எல்லாம் இத்தனை வருஷமும் அப்படித்தான் கிடந்திருக்கின்றன, மார்ச் மாதம் நீ எழுதிய பதினோரு வரி உட்பட.

அதைப் பெரியப்பாவுக்கு அனுப்பியது நான்தான்.

அம்மா என்று நினைத்திருப்பாய். அவளுக்கு ஃபார்வேர்டு பண்ணவே தெரியாது. "அப்பா, உங்களிடம் மட்டும்" என்று தொடங்கியிருந்தாய். ராத்திரி பத்தரை மணி. மூன்று தடவை படித்தேன், பதில் எழுத வார்த்தை வரவில்லை, கை நடுங்கியது. என் அண்ணனிடம் கேட்டால் ஏதாவது வழி சொல்வார் என்று அப்படியே தள்ளிவிட்டேன். விடிந்தபோது அது குடும்பக் குரூப்பில் கிடந்தது, 23 பேர் பார்வையில். அத்தை அதற்குக் கைகூப்பிக் கும்பிடும் படம் போட்டிருந்தாள். பொய்ச் செய்தி பரவி ஆட்களை அடித்துக் கொன்ற 2018-ல், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு போகாதபடி செய்தார்கள். நான் அனுப்பியது ஒரே ஒருவருக்கு.

ஊரில் யார் கவரையும் பிரிக்காதவன், என் பெண் எனக்கென்று ஒட்டிக் கொடுத்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். நீ போட்ட பூட்டில் குறை இல்லை, வாட்ஸ்அப்பிலும் குறை இல்லை. அன்றைக்கே உனக்குப் போன் பண்ணி நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாள் சாப்பிட்டாயா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயும் "நலம். வேலை அதிகம்" என்று எழுதிக்கொண்டே இருந்தாய்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. எந்த ஆப்பில் எழுதுவது, எத்தனை நாளில் அழிவது, யாருக்குச் சொல்வது எல்லாம் நீ முடிவு பண்ணிக்கொள். வீட்டுக்கு வர வேண்டும் என்றால் மட்டும் தேதியை எழுது, காரணம் எழுத வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு நான் தனியாகவே வண்டி பிடித்து வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதுவது ஒரு வாரத்தில் அழிந்துபோவது தாங்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேதி போட்டுப் பழைய நோட்டில் எழுதி வைத்து வந்தேன். நாலு பக்கம் வந்திருக்கிறது. பஸ் லேட், ரசம் வைத்தேன், மழை, அவ்வளவுதான் அதில். அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை, பின்கட்டு பீரோவில் இருக்கிறது. அழியட்டும் என்று நீ வைத்ததை நான் வைத்திருப்பது சரியில்லை என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. போன வாரத்திலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்த நாலு பக்கத்தை என்ன செய்யட்டும் என்று சொல். கிழிக்கச் சொன்னால் கிழித்துவிடுகிறேன்.

அந்த ஆறு எண்ணை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா