காமோமேதாய் ஆட்டத்தில் கத்தரி வைக்காதீர்கள்: ஹைக்யூ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டுடியோவின் ‘ஹைக்யூ’ வாலிபால் அனிமே குழுவினருக்கும், முதல் மூன்று சீசன்களையும் 2024 படத்தையும் இயக்கிய சுசுமு மிட்சுனாகா அவர்களுக்கும்,

வணக்கம். படம் ஜப்பானில் மட்டும் ஆயிரம் கோடி யென்னைத் தாண்டி வசூலித்துவிட்டது. பாராட்டுக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து, நம் கராசுனோ பள்ளி அணி காமோமேதாய் பள்ளியோடு மோதும் ஆட்டத்தைப் படமாக்குகிறீர்கள். நேரம் போதாமல் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பைக்கை வெட்டுங்கள், சர்வீஸை வெட்டுங்கள். ஃபிளாஷ்பேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதைக் கற்றுக்கொடுத்தவர்களே நீங்கள்தான். மூன்றாவது சீசனின் பத்து எபிசோடுகளும் ஷிராடோரிசாவா பள்ளியுடனான ஒரே ஆட்டம். அதில் எதிரணி நட்சத்திரம் உஷிஜிமாவின் ஸ்பைக்கை நம் சுகிஷிமா தடுத்து நிறுத்தும் காட்சி. கணக்குப்படி அது ஒரு பிளாக், ஒரு பாயிண்ட், அவ்வளவுதான். ஆனால் அதுவரை எதற்கும் குரல் உயர்த்தாத பையன் முஷ்டியை மடக்கிக் கத்தும்போது நமக்குச் சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்புக்கான விதை முந்தைய சீசனிலேயே விழுந்துவிட்டது. ‘நான்தான் டீமில் முக்கிய ஆள்’ என்று தம்பியிடம் சொல்லிவந்த அண்ணன் அகிடேரு, நிஜத்தில் ஜெர்சிகூட இல்லாமல் கேலரியில் நின்று கூட்டத்தோடு கத்திக்கொண்டிருந்தான். அதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் சுகிஷிமா. ‘என்ன உயிரைக் கொடுத்து ஆடினாலும் இது வெறும் கிளப்தானே’ என்ற அவனுடைய அலட்சியம் அங்கே பிறந்தது. பிறகு அணித் தோழன் யாமகுச்சி வந்து சட்டைக் காலரைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் உள்ளே போயிருந்ததால்தான் அந்த ஒரு நொடி அவ்வளவு கனத்தது. அந்த நாளிலும் அகிடேரு கேலரியில்தான் இருந்தான் என்பது இன்னும் அழகு.

தோற்கிறவர்களுக்கும் நீங்கள் இடம் கொடுத்தீர்கள். முதல் சுற்றிலேயே வெளியேறிய டோகோனாமி பள்ளிக்காக முதல் சீசனில் ஒதுக்கிய நிமிடங்களை வேறு எந்த விளையாட்டு அனிமேயும் ஒதுக்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி மனத்தாங்கல். நெகோமா பள்ளியோடு கராசுனோ மோதிய 2024 படம் 85 நிமிடம். கடைசிக் கட்டத்தை முழுக்க நெகோமா வீரன் கென்மாவின் கண் வழியாகக் காட்டியது, மூச்சிரைப்பு மட்டும் கேட்க, வியர்வையில் பந்து வழுக்கி ஆட்டம் முடிந்தது — குறை சொல்ல வழியே இல்லை. ஆனால் நெகோமா என்பது கென்மாவும் குரோவும் மட்டுமா? மூலக்கதையான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) முகமும் குணமும் இருந்த மற்றவர்கள் படத்தில் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு அது தாங்கியது. கராசுனோவின் நாயகன் ஹினாடாவுக்கும் கென்மாவுக்கும் இருந்த நட்பை நாம் முதல் சீசனிலிருந்தே பார்த்து வந்தோம் அல்லவா? காமோமேதாய்க்குத் தாங்காது. அவர்கள் நமக்கு அவ்வளவாகப் பழகாத ஆட்கள்.

(மங்கா படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 2020லேயே முடிந்த கதைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.)

காமோமேதாயின் ஹிருகாமியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபால் குடும்பத்துப் பிள்ளை, மிடில் ஸ்கூலில் தன் தப்புகளைத் தாங்க முடியாமல் கையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவைத்துக்கொண்டவன். அப்போது, இன்று காமோமேதாயில் அவனோடு ஆடும் ஹோஷியுமி வந்து ‘போராடு, விடாதே’ என்றெல்லாம் வசனம் பேசவில்லை. அப்படியானால் விட்டுவிடேன், விட்டால் செத்தா போய்விடுவாய் என்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்கிறான். விடலாம் என்று தெரிந்த பிறகுதான் அவனால் நிம்மதியாக ஆட முடிகிறது. விளையாட்டுக் கதை என்றாலே ‘உயிர் போனாலும் விடாதே’ என்று முழங்குகிற இடத்தில் மங்காவைப் படைத்த ஹருயிச்சி ஃபுருடாடே இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார். இதை வெட்டினால் ஹிருகாமி உயரமான ஒரு பிளாக்கர், வேறொன்றுமில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஹினாடா நெருப்பாய்க் கொதிக்கும் உடம்போடு கோர்ட்டை விட்டு வெளியேற்றப்படுகிறான். அணியின் பொறுப்பாசிரியர் தகேடா சார் தோளைத் தட்டி ‘பரவாயில்லை’ என்று சொல்லி அனுப்புவதில்லை. இந்த நொடியும் வாலிபால்தான் என்று புரியவைக்கிறார். பின்னாளில் பிரேசில் மணலில் தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் கணக்காகப் பார்த்துக்கொள்கிற ஹினாடா இங்கேதான் உருவாகிறான். இந்த இடத்தில் வயலினை எல்லாம் ஏற்றிவிடாதீர்கள், ஐயா. அவர் பேசட்டும், அவன் கேட்கட்டும். அவன் போன பிறகு மிச்சமிருக்கும் ஆட்டத்தையும் அவசரமாக முடித்துவிட வேண்டாம், அவன் இல்லாத கராசுனோவையும் பார்க்க எங்களுக்கு ஆசை.

படம் இரண்டரை மணி நேரம் ஓடினாலும் சரி, இரண்டு பாகமாக வந்தாலும் சரி, டிக்கெட் எடுக்கத் தயார்.

அன்புடன்,
ஒரு கராசுனோ ரசிகன்