ஒரு மணி நேரம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்போனில் நாம் இருக்கும் இடத்தை அடுத்தவருக்குக் காட்டும் செயலிகளின் ஆபத்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இந்த வசதியை அடியோடு அணைத்து வைப்பதே நல்லது என்று முடித்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையைக் கவனிக்கிறவன். எங்கள் தெருவில் லொகேஷன் அனுப்பாமல் ஒரு பொழுது ஓடாது.

மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாம் ஜனங்கள் இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்பது எங்கள் ஆட்டோக்காரர்கள் பேசும் இந்தியைக் கேட்டாலே தெரிந்துவிடும். முதல் குழப்பம் ரயிலிலேயே ஆரம்பம். இறங்க வேண்டியது காட்பாடியில். அவர்களோ வேலூர் என்ற போர்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இறங்கினால் பாஷை தெரியாது, தெரு தெரியாது. அவர்கள் தேடி வரும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் உள்ளூர்க்காரர்களே 'அந்த மெடிக்கல் பக்கத்துல' என்றுதான் வழி சொல்வார்கள். அங்கே மெடிக்கல் என்ன ஒன்றா இரண்டா? 2022இல் அதே ஆஸ்பத்திரியின் ராணிப்பேட்டை வளாகமும் திறந்த பிறகு, எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது.

இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இருக்கும் லைவ் லொகேஷன், அதாவது நாம் நகர நகர நம் இடத்தை அடுத்தவர் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும் வசதி, எப்படி உதவுகிறது என்று எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணவரை வார்டில் சேர்த்துவிட்டு ஒரு அம்மா தனியாகச் சாப்பாடு வாங்கப் புறப்படுவார். மேற்கு வங்காளத்து மால்டாவில் இருக்கும் மகன் அங்கிருந்தே போனில் புள்ளியைப் பார்த்து, "அம்மா, அந்தத் திருப்பத்தைத் தாண்டிட்டீங்க, திரும்புங்க" என்று வங்காளியில் வழி சொல்வார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருப் பலகையில் தமிழ் இருந்தால் என்ன, இங்கிலீஷ் இருந்தால் என்ன? கடலை மிட்டாய் கூட வாங்கிக்கொண்டு நிதானமாக வந்து சேர்ந்துவிடுவார்.

ஆனால் லொகேஷன் அனுப்புவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். திறந்தவுடன் அமுக்கிவிடுகிறார்கள். அப்போது போன் இன்னும் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்காது. எத்தனை மீட்டர் வரை துல்லியம் என்று அடியில் போட்டிருக்கும். அந்த எண் குறையும் வரை கொஞ்சம் பொறுத்து அனுப்பினால் ஆட்டோ அடுத்த தெருவில் போய் நிற்காது. இன்னொன்று, திரையில் பக்கத்துக் கடை, கோயில் பெயர்களெல்லாம் வரிசையாக வரும். அதில் ஒன்றைத் தொட்டுவிட்டால் போகிறது அந்தக் கடையின் இடம், நம் இடம் அல்ல. நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவிலும், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் புள்ளி தடுமாறத்தான் செய்யும். செயற்கைக்கோள் சிக்னல் சுவரைத் தாண்டி ஒழுங்காக வராது. அந்தச் சிக்னலைப் பிடிக்க நெட் தேவையில்லை. பிடித்த இடத்தை அடுத்தவருக்கு அனுப்பத்தான் நெட் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து மலைக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டவர் இல்லாத இடத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்கள் போனுக்கு மட்டும்தான் தெரியும்.

புள்ளி நின்றுவிட்டால் உடனே பதறவும் கூடாது. பேட்டரி சேமிப்பைப் போட்டிருந்தால் பல போன்களில் லொகேஷன் போவது நின்றுவிடும். கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று அதிலேயே காட்டும், அதைப் பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவரின் புள்ளி ஆம்பூரில் அசையாமல் நின்றால், அதற்குக் காரணம் பேட்டரி இல்லை, பிரியாணி.

சரி, இனி கட்டுரையாளர் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவுதான் உண்டு. நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். கூகுள் மேப்ஸில் அப்படி இல்லை. 'நான் அணைக்கும் வரை' என்றும் ஒரு வழி இருக்கிறது. போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதுகூட எதிராளிக்குத் தெரியும். அப்புறம் 'சார்ஜ் தீர்ந்துபோச்சு' என்று ஒரு சமாதானம்கூடச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு நடக்கும் வம்பெல்லாம் இந்த முடிவில்லாத பகிர்வால்தான். மருமகளின் புள்ளி ஏன் கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் நின்றது என்று சாயந்திரம் விசாரணை நடக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனேன் என்றாலும் நம்ப மாட்டார்கள். கேட்டால் எல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். மகனுடைய புள்ளி மட்டும் யார் போனிலும் இருக்காது. இருவழியாக இல்லாத பகிர்வுக்குப் பெயர் காவல் அல்ல, வேவு.

ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த அளவு அந்தரங்கம் உண்டு என்றால், வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்குக் கிடையாதா?

இடத்தைக் காட்டுவதில் வீட்டுச் சண்டையைவிடப் பெரிய சங்கடங்களும் வரலாம். உடற்பயிற்சி செயலியான ஸ்ட்ராவா, தன் பயனாளிகள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் போட்டது. ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடமும் அதில் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் வெளியே வந்தது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள மாவட்டம் இது. எல்லையில் இருக்கும் பிள்ளையிடம் 'லொகேஷன் போடுப்பா' என்று கேட்காதீர்கள் என்று பெற்றவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் அந்த வசதியை அணைக்கச் சொல்ல மாட்டேன். லாட்ஜில் ரூம் சாவியைக் கொடுக்கிறோம், காலி செய்யும்போது திருப்பி வாங்கிக்கொள்கிறோம், இதுவும் அப்படித்தான். காட்பாடியிலிருந்து ராத்திரி ஆட்டோவில் வரும் பெண் ஒரு மணி நேரத்துக்குப் போட்டால் போதும், நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். அவசரம் என்றால் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி இருக்கிறது. அதில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அதற்காக வருஷம் முழுக்க மாமனார் போனில் புள்ளியாக இருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். லொகேஷனை எப்படி அனுப்புவது, எப்படி நிறுத்துவது, நம் போனிலிருந்து இப்போது யார் யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்கே பார்ப்பது, இந்த மூன்றையும் படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். கீழே இந்தியிலும் வங்காளியிலும் எழுதித் தர எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோட்டப்பாளையம், வேலூர்.