செயலாளர் ஆண்டறிக்கை: வரியும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் நாட்டுப் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். உறுப்பினர் சேர்க்கையிலும் நூலகத்திலும் விரித்துச் சொல்ல ஏதுமில்லை. ஆண்டு முழுவதும் ஆய்வுக் கூட்டங்களுக்கு ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டோம்: நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் வரும் வரிகளும் கட்டுப்பாடுகளும். உற்பத்தி செய்பவர், ஏற்றுமதி செய்பவர், இறக்குமதி செய்பவர் மூவருக்கும் அவற்றில் பயன்படக்கூடியதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வணிக ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்த நாடு திடீரென வரியை ஏற்றவும் சரக்கை நிறுத்தவும் எப்படி முடிகிறது என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழுந்தது. வரி, வணிகம் பற்றிய பன்னாட்டுப் பொது உடன்பாடான 1947இன் காட் ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் அதற்கு விடை இருக்கிறது. தன் இன்றியமையாப் பாதுகாப்பு நலனுக்குத் தேவை என்று ஒரு நாடு கருதும் நடவடிக்கையை அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது வரம்பற்ற அனுமதி ஆகாது. ரஷ்யா, உக்ரைன் இடையிலான சரக்குப் போக்குவரத்து வழக்கில், இந்தப் பிரிவைப் பயன்படுத்தியதை ஆராயத் தனக்கு அதிகாரம் உண்டு என்று உலக வணிக அமைப்பின் நடுவர் குழு 2019இல் சொன்னது. அந்த வழக்கில் ரஷ்யாவின் வாதத்தையும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் எஃகு, அலுமினிய வரிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் வேறு நடுவர் குழுக்கள் தீர்ப்பளித்தன. அமெரிக்கா அதை ஏற்கவில்லை, வரியும் நீங்கவில்லை. தீர்ப்பை நம்பி ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த வரிகளின் வேர் 1962ஆம் ஆண்டு அமெரிக்க வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவு. 2018இல் எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 விழுக்காடு என்று தொடங்கியது, 2025 ஜூனில் பெரும்பாலான நாடுகளுக்கு இரண்டுமே 50 ஆனது. அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்படும் எஃகும் அலுமினியமும் அந்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் என்று 2018இல் அவர்களுடைய பாதுகாப்புத் துறையே எழுதிக் கொடுத்தது. அப்படியிருந்தும் வரி வந்ததற்குக் காரணம், போர்க்காலத்தில் உற்பத்தியைப் பெருக்கும் திறன் அழியக்கூடாது என்ற வாதம். அந்த வாதத்தில் பொருள் உண்டு; மூடிய உலையை ஓரிரு மாதத்தில் மீண்டும் எரியவைக்க முடியாது. ஆனால் எஃகை வாங்கி இயந்திரமும் வாகனமும் கப்பலும் செய்கிறவருக்கு மூலப்பொருள் விலை ஏறுகிறது, ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிறவரும் அவர்களில் ஒருவர்தான். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் பாதுகாப்பு கூடிவிட்டது என்று சொல்வதை நம் குழு ஏற்கவில்லை.

நடைமுறையில் சிக்கல் வருவது விழுக்காட்டில் குறைவு, ஆவணத்தில் அதிகம். 2025இல் அமெரிக்கச் சுங்கத்தில், போல்ட், பிராக்கெட், சட்டகம் போன்ற, அந்த உலோகங்களால் செய்த வழிப்பொருள்கள் பலவற்றுக்கு உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்பைத் தனியே காட்ட வேண்டியிருந்தது. எஃகு எந்த நாட்டில் உருக்கி வார்க்கப்பட்டது என்றும் கேட்டார்கள். பொருள் எங்கே உருவானது என்ற சான்றிதழ் அதற்குப் போதாது. ஒரு நாட்டில் உருக்கிய கட்டியை இன்னொரு நாட்டில் உருட்டித் தகடாக்கினால் இரண்டுக்கும் விடை வேறு. அலுமினியம் உருக்கப்பட்ட நாடு தெரியாது என்று எழுதினால், ரஷ்ய உலோகத்துக்கு விதித்த 200 விழுக்காடு பாய்ந்தது. ஆலை தரும் சோதனைச் சான்றான மில் டெஸ்ட் சான்றிதழை, எந்த வார்ப்பு என்று காட்டும் ஹீட் எண்ணோடு கொள்முதல் நாளிலேயே வாங்கி வைக்க வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் ஆலையிலிருந்து வராது.

அடுத்தது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. வரி விலையில் கை வைக்கிறது. கட்டுப்பாடோ சரக்கையே நிறுத்துகிறது. இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், ஏனெனில் நல்ல நிறுவனங்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவே. சுங்கத்தின் எச்.எஸ். குறியீட்டைப் பார்த்து, தன் பொருள் கட்டுப்பாட்டில் இல்லை என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உலகம் முழுவதும் பொதுவான அந்த ஆறு இலக்கம், பொருள் என்ன வகை என்று மட்டும் சொல்லும். உரிமம் இன்றி அனுப்பக் கூடாதவற்றைச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பட்டியல்கள் பார்ப்பது அளவுகளையும் பொருள்சேர்க்கையையும்.

பம்பை எடுத்துக்கொள்வோம். திரவப் பம்பு எல்லாமே எச்.எஸ். 8413இல் அடங்கும். வேதி, உயிரி ஆயுதங்கள் பரவாமல் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்த ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலோ, சீல் இல்லாத அல்லது பல சீல் கொண்ட பம்பு மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் தள்ளுமா, திரவம் படும் பரப்பு ஃபுளூரோபாலிமரா, டான்டலமா, 40 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உள்ள கலவையா என்று கேட்கிறது. 0.6 கன மீட்டர் என்பது மிகச் சிறிய பம்பு. வேதிக்கலன் என்றால் கொள்ளளவு 100 லிட்டருக்கு மேல், 20,000 லிட்டருக்குக் கீழ், அதோடு உள்பூச்சு என்ன என்று பார்ப்பார்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில், 600 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தந்து அதிர்வெண்ணை 0.2 விழுக்காட்டை விட நுட்பமாகப் பிடித்து நிறுத்தும் பன்முனைக் கருவி அணு ஆயுதம் பரவாமல் தடுக்க நாடுகள் அமைத்த அணுப்பொருள் வழங்குநர் குழுவின் பட்டியலைத் தொடுகிறது. யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளுக்கு அத்தகைய கருவி வேண்டும். கருவியை மென்பொருளால் குறைத்து வைத்து விற்றாலும், அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருள் கட்டுப்பாட்டில் வரும். பால்பாயிண்ட் பேனா மைக்குப் பயன்படும் தயோடைகிளைக்கால் கடுகு வாயுவுக்கும் மூலப்பொருள், அதனால் வேதி ஆயுத ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதி வைக்கும்படி குழு பரிந்துரைத்தது. எச்.எஸ். குறியீடு, தொழில்நுட்ப அளவுகள், எந்தப் பட்டியலின் எந்த உருப்படியோடு ஒப்பிட்டோம், எந்த அளவு எல்லைக்கு உள்ளே அல்லது வெளியே, ஒப்பிட்டவர் யார், எந்த நாளின் பட்டியல். கடைசி இரண்டும் இல்லாத தாள் விசாரணையில் பயன்படாது. இதை எழுத வேண்டியவர் வடிவமைப்புப் பொறியாளர். கப்பல் முகவரிடம் விட்டுவிடக் கூடாது, அவருக்கு நிக்கல் விழுக்காடு தெரியாது. விற்பனைப் பிரசுரத்தில் பெருமைக்காக ஏற்றிச் சொன்ன அளவையும் சரிபார்க்க வேண்டும். அதிகாரிகள் முதலில் படிப்பது அதைத்தான்.

அளவைத் திரித்துச் சொல்வதன் விளைவுக்கு ஜப்பானின் தோஷிபா மெஷின் வழக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம், நார்வேயின் காங்ஸ்பெர்க் தந்த எண்கட்டுப்பாட்டுக் கருவிகளோடு, உலோகத்தைச் சீவும், ஒன்பது அச்சுகளில் இயங்கும் பெரிய மில்லிங் இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பியது. உரிம விண்ணப்பத்தில் இரண்டு அச்சு இயந்திரம் என்று எழுதியிருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலின் உந்துவிசிறியை ஓசை குறையும்படி சீவ அவை பயன்பட்டன என்று 1987இல் வெளிவந்தபோது தாய் நிறுவனத்தின் தலைவரும் மேலாண்மைத் தலைவரும் பதவி விலக நேர்ந்தது. சோவியத் அணிக்குப் போகும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய மேற்கு நாடுகளின் பழைய கோகாம் குழு 1994இல் கலைந்து, ஆயுதங்களுக்கும் இருபயன் பொருள்களுக்கும் பொதுப் பட்டியல் வைக்கும் வாசனார் ஏற்பாடு 1996இல் வந்தது. வாசனாரில் ஒரு நாட்டின் மறுப்பு மற்றொரு நாட்டைக் கட்டாது. இன்று பெரிய நாடுகள் தனித்தனியே பட்டியல் போடுவதற்கு அது ஒரு காரணம்.

பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும் பயனரைப் பார்க்க வேண்டும். பல நாடுகளின் சட்டத்தில், பேரழிவு ஆயுதத்துக்குப் போகும் என்று தெரிந்தால் அல்லது ஐயம் இருந்தால் சாதாரணப் போல்ட்டுக்கும் உரிமம் தேவை. ரஷ்யாவுக்கு எதிரான தடைகளில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் பிரிட்டனும் சேர்ந்து 50 எச்.எஸ். குறியீடுகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் வைத்தன. போர்க்களத்தில் எடுத்த ஏவுகணை, ட்ரோன் துண்டுகளில் கிடைத்த பாகங்களிலிருந்து உருவான பட்டியல் அது. அதன் முதல் வரிசையில் இருப்பவை 8542இல் அடங்கும் சாதாரண ஒருங்கிணைந்த மின்சுற்றுகள். நுட்பம் குறைந்த சிப்பும் ஆயுதத்துக்குப் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஐயம் எழுப்பும் குறிகளைக் குழு வகுத்துத் தந்தது: புதிதாகத் தொடங்கிய நிறுவனம் பெரிய ஆர்டர் தருவது, பொருத்துதலும் பயிற்சியும் வேண்டாம் என்பது, சரக்கு முகவரின் முகவரியையே இறுதி முகவரியாகத் தருவது, மூன்றாம் நாட்டிலிருந்து பணம் வருவது, கப்பல் வழி காரணமின்றிச் சுற்றுவது. இறுதிப் பயனர் சான்றில் வெறும் கையெழுத்து போதாது. பொருத்தப்படும் ஆலையின் இடம், எந்த இயந்திரத்தில், என்ன வேலைக்கு, மறுவிற்பனை செய்யமாட்டோம் என்ற உறுதி ஆகியவை வேண்டும். 2024 மார்ச் 20 முதல் ஐரோப்பிய ஏற்றுமதியாளர்கள் சில பொருள்களுக்கான ஒப்பந்தத்தில் ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி கூடாது என்ற விதியைச் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள். அவர்களிடம் வாங்குபவர் அந்த விதியைத் தன் வாங்குநரிடமும் எழுதி வாங்கட்டும்.

இறக்குமதி செய்கிறவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சீனா விதித்தது. 2025 ஏப்ரல் 4இல் சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அருமண் தனிமங்களும் சேர்ந்தன. நியோடிமியம் காந்தம் சூட்டில் காந்த வலுவை இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சிறிதளவு சேர்க்கிறார்கள். அந்தச் சிறிதளவு வராததால் மே மாதம் ஃபோர்டு நிறுவனத்தின் சிகாகோ ஆலை ஒரு வாரம் நின்றது. விலையில் கண்ணுக்குத் தெரியாத பாகம் முழு வண்டியையும் நிறுத்துகிறது. காலியம் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போதும், ஜெர்மானியம் பெரும்பாலும் துத்தநாகத்திலிருந்தும் கிடைக்கும் துணைப்பொருள்கள். விலை ஏறியதால் மட்டும் புதிய சுரங்கம் திறக்க முடியாது. உரிம ஆய்வுக்கு 45 வேலை நாள் என்பது சீன விதி. கைவசம் இருப்பு ஒரு மாதத்துக்கே என்றால் அந்த இடைவெளியில் ஆலை நிற்கும்.

இத்தகைய ஆயுதம் எடுத்தவரையும் வெட்டும். 2010இல் சீனாவிலிருந்து அருமண் தனிமங்கள் வரத்து தடைபட்டதும் ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் முதலீடு செய்து மாற்று வழி தேடியது. 1999இல் வணிகச் செயற்கைக்கோள்களை ராணுவத் தளவாடப் பட்டியலில் சேர்த்த அமெரிக்கா, அமெரிக்கப் பாகமே இல்லாத செயற்கைக்கோள் என்று ஐரோப்பியர் விளம்பரம் செய்து விற்கும் நிலையை உண்டாக்கியது. 2014இல்தான் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின், மிக நுண்ணிய சிப் செய்ய உதவும் இயூவி இயந்திரம்போல் வேறு யாரிடமும் கிடைக்காததும், உடன் நாடுகள் சேர்ந்து நிற்பதுமான இடத்தில் கட்டுப்பாடு பலன் தருகிறது. மற்ற இடங்களில் அது போட்டியாளரை வளர்க்கிறது. நம் மனுக்களிலும் இந்தக் கருத்தையே முன்வைத்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்குக் குழுவின் முன்மொழிவுகள்: பொருள் தாளுக்கும் இறுதிப் பயனர் சான்றுக்கும் பொதுப் படிவம் அச்சிடுதல், வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு வகைப்பாட்டுப் பயிற்சி, ஒரே நாட்டிலிருந்து மட்டும் வரும் பாகங்களை ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டாம் நிலை வழங்குநர்வரை இறங்கிப் பட்டியலிடுதல், உரிம மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தரவும் முடிவுக்குக் காலவரம்பு வைக்கவும் அரசிடம் வேண்டுதல். மூன்றாவதைச் சேர்ந்து செய்தால்தான் பயன், ஏனெனில் தனியொரு நிறுவனம் கேட்டால் வழங்குநர் தன் மூலத்தைச் சொல்லமாட்டார்.

ஆய்வுக் கூட்டங்களில் தங்கள் கோப்புகளைத் திறந்து காட்டிய உறுப்பினர்களுக்கும், பட்டியல்களை வரிவரியாக ஒப்பிட்ட தொழில்நுட்பத் துணைக்குழுவுக்கும் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்