மழைநீர்க் குழிகளைத் தூர்வாருவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. சென்னையில் மழைநீர் வடிகால்களைத் தூர்வாரும் பணி பற்றி நாள்தோறும் செய்தி வருகிறது. வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் உள்ள மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாருவது பற்றித்தான் பேச்சே இல்லை. 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகளில் பல, பிறகு மூடி திறக்கப்படாமலே மண் மேவிக் கிடக்கின்றன.

இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிந்து போவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு! 2019-இல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இருபத்தைந்து வீட்டு மாடிகளில் ஓராண்டில் தேறும் மழைநீர் அது.

கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. லாரி தண்ணீரோ பெரும்பாலும் புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து உறிஞ்சி வருவது. அங்கே நீர்மட்டம் இறங்க இறங்க, இங்கே லோடு விலை ஏறுகிறது. ஆழ்துளை போட வசதியில்லாத வாடகைக் குடித்தனக்காரர்தான் குடத்துக்குக் காசு கொடுத்து அல்லாடுகிறார். அளவு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறி, கிணறுகள் உப்புக் கரித்துப் போனதைப் பார்த்த பிறகும் நாம் பாடம் கற்கவில்லை என்பது வேதனை.

குழிகள் ஏன் வேலை செய்வதில்லை? முதல் காரணம் வண்டல். வடிகட்டித் தொட்டி மூன்றடி ஆழம் என்றால், அடியில் முக்கால் அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் முக்கால் அடிக்கு 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அரை அடி மணல். மேலே ஓரடி காலியாக இருக்க வேண்டும். விளிம்புவரை மணல் கொட்டினால் பெருமழையில் தண்ணீர் இறங்க நேரமின்றி வெளியே வழிந்துவிடும். எம் சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுபவர்கள் அதைக் கழுவிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள தூளே சிமென்ட் பூச்சுபோல இறுகிவிடும். மணலின் மேல் இரண்டு அங்குலத்தில்தான் அழுக்கு ஆடைகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுரண்டி எடுத்துப் புது மணல் பரப்பினால் போதும். எடுத்த சேற்றைக் குழியோரத்திலேயே குவித்து வைத்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போய்விடும்.

அடுத்தது, மண் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் குழி. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கில் சின்னக் குழியே உறிஞ்சிக்கொள்ளும். அண்ணா நகர்போலக் களிமண் உள்ள இடத்தில் மூன்றடிக் குழி வெறும் தொட்டிதான். அங்கே களிமண்ணைத் தாண்டி இறங்கும்படி 12 முதல் 15 அடிக்கு, மூன்றடி விட்டத்தில், சிமென்ட் வளையங்களை (உறைகளை) அடுக்கி இறக்கிய உறைகிணறு வேண்டும். உறைகளின் இணைப்பைச் சிமென்ட் வைத்துப் பூசக் கூடாது. அடியில் கான்கிரீட்டும் போடக் கூடாது. பல கொத்தனார்கள் கழிவுநீர்த் தொட்டி கட்டிய பழக்கத்தில் இரண்டையும் செய்துவிடுகிறார்கள்.

பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குள் மாடித் தண்ணீரை வடிகட்டாமல் விடுவது இன்னும் மோசம். கேசிங் பைப்பின் (ஆழ்துளையின் உள்ளே இறக்கிய குழாயின்) துளைகளில் நுண்மண் அடைத்துக்கொண்டால் கம்ப்ரெசர் வைத்து ஊதினாலும் பல சமயம் மீட்க முடியாது. மழைக் குழாயைக் கழிவுநீர் மேன்ஹோலில் இணைப்பது தெருவுக்கே கேடு. மணிக்கு 50 மி.மீ. மழையில் ஆயிரம் சதுர அடி மாடி ஒன்றிலிருந்து மட்டும் ஒரு மணி நேரத்தில் 4,600 லிட்டர் வரும். அந்தச் சாக்கடைக் குழாய் அதற்காகப் போட்டதல்ல. தாழ்வான வீட்டுக் கழிவறை வழியாகத்தான் அது எதிர்த்து வரும்.

சோதிப்பது எளிது. மூடியைத் திறந்து இருபது லிட்டர் வாளியில் பத்து வாளி ஊற்றுங்கள். மணற்பாங்கில் நின்று பார்க்கும்போதே இறங்கும். களிமண்ணில் சில மணி நேரமாகலாம். மறுநாள் காலையிலும் நின்றால் அடைப்புதான். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை மாட்டி, முதல் மழையின் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட அடியில் ஒரு எண்ட் கேப் (கழற்றி மாட்டும் மூடி) வைத்தால் வண்டல் வெகுவாகக் குறையும். கார் கழுவும் சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

குழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஆய்வு போதாது. மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் ஆண்டுதோறும் செப்டம்பரில் வார்டு வாரியாக இந்தப் பத்து வாளிச் சோதனையைச் செய்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு ஆழக் குழி வேண்டும் என்று மண்வாரியாக அறிவிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இந்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை