பொங்கல் விழா வாசலில் மனு வைத்தால் என்ன பிழை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் விடாமல் வாசிக்கிறவள் நான். கடந்த இதழில் ஸ்காபரோவில் நடந்த பொங்கல் விழா பற்றிய கட்டுரையில், வாசலில் சிலர் மனுவை நீட்டி, விழாவுக்கு வந்தவர்களின் மனதைக் குழப்பினார்கள், சங்கங்கள் கலை பண்பாட்டோடு நின்றுகொள்வது நல்லது என்று எழுதியிருந்தது. அந்த மேசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. யாரையும் மறிக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி அகழ்வை சர்வதேசக் கண்காணிப்போடு நடத்த கனடா அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று எம்.பி.க்களைக் கேட்கிற மனு, அவ்வளவுதான்.

செம்மணி பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1996இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவியையும், தேடிப் போன தாய், தம்பி, அயலவரையும் இராணுவத்தினர் கொன்று புதைத்த இடம். அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், இன்னும் முந்நூறு நானூறு பேர் அங்கே கிடக்கிறார்கள் என்று 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். அடுத்த வருடம் தோண்டி 15 உடல்கள் எடுத்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். பிறகு 2025இல் அதே பகுதியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்து, தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டிப் போனது. ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பையும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. இதெல்லாம் உங்கள் பத்திரிகையிலும் வந்த செய்திதான். அதை அச்சடித்த கையாலேயே இந்தக் கட்டுரையையும் அச்சடிக்க எப்படி மனம் வந்தது?

அந்தக் கட்டுரை மெச்சுகிற, கனடாவில் ஜனவரியில் கொண்டாடுகிற தமிழ் மரபுத் திங்கள் தானாக வந்ததா? ஒன்ராறியோ சட்டமன்றம் 2014இல் சட்டமாக்கியது, ஒட்டாவா நாடாளுமன்றம் 2016 ஒக்ரோபரில் தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் ஆட்கள் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்துதான் அது கிடைத்தது. மனுவால் வந்த மாதத்தில் மனு கூடாதாம்.

நான் 1989இல் வந்து இறங்கியபோது எங்கள் ஊர்ச் சங்கம் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் நடந்தது. ஒரு மூலையில் அகதிக் கோரிக்கைப் படிவம் நிரப்புவார்கள், மற்ற மூலையில் பிள்ளைகளுக்கு அ, ஆ. நடனம் பழக்கிய அக்காதான் விசாரணை நாளில் மொழிபெயர்க்கவும் கூடப் போவார். கலை வேறு, உரிமை வேறு என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, பிரித்திருந்தால் எங்களில் பாதிப் பேர் இங்கே இருந்திருக்க மாட்டோம். 2009 மே மாதம் இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் மறித்து இருந்த பிள்ளைகளில் சிலர் என்னிடம் சனிக்கிழமைகளில் தமிழ் படித்தவர்கள். அடுத்த வருடம் சன் சீ கப்பலில் எங்கள் அகதிகள் 492 பேர் வந்து இறங்கியபோது, அவர்களைக் கடத்தல்காரர், பயங்கரவாதி என்று அரசாங்கமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தடுப்பிலிருந்து விடப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு அறை தேடிக் கொடுத்ததும் இப்படியான சங்கங்கள்தான். அப்போதும், "இந்தப் பிரச்சினைக்குள் ஏன் போகிறீர்கள், எங்கள் பெயரும் கெடும்" என்று சொன்ன பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலரைத்தான் இப்போது மேடையில் முதல் வரிசையில் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு அரசியல்வாதி வந்தால் பொன்னாடை போர்த்துகிறோம், அவர் "வணக்கம்" என்றதும் கைதட்டுகிறோம், படம் எடுத்து அனுப்புகிறோம், நீங்களும் அதை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அவரிடம் ஒரு கேள்வி கேட்க எங்களுக்கு ஐந்து நிமிடம் தருவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் போராட உட்கார்ந்த தாய்மார், பிள்ளை எங்கே என்று தெரியாமலே பலர் செத்துப்போனார்கள். அவர்களைப் பற்றிக் கேட்க விழா மேடை பொருந்தாது, பத்திரிகைப் பக்கம் பொருந்தாது என்றால் எங்கே போய்க் கேட்பது? இதை முன்பும் உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. இடமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சரி, கேட்க வந்தது இதுதான். முதியவர்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்ய எங்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கூடுகிறது. அதற்கான அறிவித்தலை அனுப்பியபோது, அரசியல் விளம்பரம், கட்டணம் செலுத்துங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அரங்கேற்றத்துக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் "சமூக நிகழ்வுகள்" பக்கத்தில் இலவசமாக இடம் கொடுக்கிறீர்கள், மிக நல்லது, தொடர்ந்து கொடுங்கள். அதே பக்கத்தில் எங்களுக்கும் நாலு வரி கொடுங்கள். அறிவித்தலை இந்தக் கடிதத்தோடு மறுபடி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி